சொல்லாமல் அறுக்கப்படும் இணைப்பு

வீட்டிலிருந்து அலுவலகச் சர்வருக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து வேலை செய்கிறேன். ஒரு மின்னஞ்சலைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து விசையைத் தட்டினால் எழுத்து விழுவதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. கால் மணி நேரம் காத்திருந்தால் ‘புரோக்கன் பைப்’ என்று இரண்டு சொற்கள் வருகின்றன. சில நாட்களில் காலை முழுவதும் இணைப்பு அறுபடாமல் நிற்கும். சில நாட்களில் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை சாகும்.

இதை மூன்று வாரம் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஓர் இரவில், தரவுத்தளத்தை இடம் மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்று பாதியில் செத்தது. முதல் கட்டம் இருபது நிமிடம் எதையும் அச்சிடாமல் ஓடி முடிந்திருக்கிறது. முடிந்ததைச் சொல்ல அது ஒரே ஒரு வரியை அனுப்ப முயன்றபோது வழி ஏற்கெனவே அடைபட்டிருந்தது. சர்வர் அந்த வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ பதினைந்து நிமிடம் கழித்து என் அமர்வையே முடித்துவிட்டது. இரண்டாம் கட்டம் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டும் அதோடு போயிற்று. விடியும்வரை அட்டவணைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரிசெய்தேன்.

அலுவலகத்தில் புகார் கொடுத்தால் கிடைக்கும் பதில் எனக்கு மனப்பாடம். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், வேகத்தைச் சோதித்து அனுப்புங்கள், இணையச் சேவைக்காரரிடம் கேளுங்கள். இணையச் சேவைக்காரரோ அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார். வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நூறு மெகாபிட் வந்தாலும் ஒரு மெகாபிட் வந்தாலும் நடுவில் ஒருவர் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

யாரும் தேடவில்லை என்பதால் நானே தேடினேன். இணைப்பைத் திறந்து இரண்டு நிமிடம் எதையும் தொடாமல் விட்டேன், உயிரோடு இருந்தது. நான்கு நிமிடம் விட்டேன், இருந்தது. ஆறு நிமிடம் விட்டேன், செத்தது. பத்து முறை செய்தும் இதில் மாற்றமில்லை. கைபேசியின் இணையத்துக்கு மாறியும் அதே கணக்குத்தான் என்பதால் வீட்டு ரவுட்டரும் இணையச் சேவையும் குற்றவாளிகள் அல்ல என்பது தெளிவாயிற்று. இரு முனைகளிலும், போய்வரும் தரவைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டுப் பார்த்தேன். என் பொட்டலங்கள், அதாவது நான் அனுப்பும் தரவுத் துண்டுகள், மடிக்கணினியை விட்டுப் புறப்படுகின்றன, சர்வரை எட்டவேயில்லை. சர்வரில் என் பழைய அமர்வோ இன்னும் திறந்தே இருக்கிறது. அலுவலகப் பிணையத்தின் வாசலில் நின்று போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால், ஐந்து நிமிடம் பேச்சில்லாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து அழித்துவிட்டு, அழித்ததை இரு முனைகளில் ஒன்றுக்குக்கூடத் தெரிவிக்காமல், பிறகு வரும் பொட்டலங்களை விழுங்கிக்கொண்டிருந்தது.

என் கோபம் இங்கேதான். ஃபயர்வாலின் நினைவகத்துக்கு எல்லை உண்டு. பயனற்ற பதிவுகளை அது அழிக்கத்தான் வேண்டும். ஆனால் ‘இணைப்பு முடிந்தது’ என்று சொல்லும் ஒரு ரீசெட் பொட்டலத்தை இரு பக்கமும் அனுப்பினால் போதுமே, அந்த நொடியே எனக்கும் சர்வருக்கும் உண்மை தெரிந்துவிடுமே! ஐந்து நிமிடம் என்ற கணக்காவது எந்த நியாயத்தில் வந்தது? எஸ்எஸ்எச்சுக்கு அடியில் ஓடும் டிசிபி நெறிமுறை, பேச்சில்லாத இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையின் இடைவெளி இயல்பாக இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று 1989-இலேயே இணையத் தரநிலை எழுதிவிட்டது. லினக்ஸில் இன்றும் அது 7200 நொடிதான். அதைக் கருதியே, பிணைய வாசலில் ஐபி முகவரிகளை மாற்றும் கருவிகள் நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் கைவிடக் கூடாது என்று 2008-இல் ஆர்எஃப்சி 5382 என்ற தரநிலை ஆவணம் வரையறுத்தது. அந்த நான்கு நிமிடம்கூட யோசித்து வைத்த நான்கு நிமிடம். இவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்டதை ஒருவர் பொருட்படுத்தாமல் 300 நொடி என்று தட்டிவிட்டு, எங்கும் குறித்து வைக்காமல் போயிருக்கிறார்.

என் பக்கம் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல் 60’ என்று ஒரு வரி சேர்த்தால், பேச்சில்லாத நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு சிறு செய்தி போய்க்கொண்டிருக்கும். ஃபயர்வால் இணைப்பை மறக்காது. இதன் இயல்பு மதிப்பு சுழியம், அதாவது யாரும் சொல்லாவிட்டால் இது வேலை செய்யாது. இதற்கும் ஒரு விலை உண்டு. மூன்று செய்திகளுக்குத் தொடர்ந்து பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவதால், முன்பு வைஃபை சில நிமிடம் போய்த் திரும்பினாலும் தாக்குப்பிடித்த அமர்வு இப்போது போய்விடுகிறது. ஆகவே நீண்ட வேலை எதையும் சர்வரில் ஓடும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் மட்டுமே ஓடவிடுகிறேன். இணைப்பு போனாலும் வேலை சர்வரில் தொடரும்.

இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்ததை நான் எழுதி அனுப்பியதும் ‘பயனரால் தீர்க்கப்பட்டது’ என்று என் புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். பொட்டலப் பதிவுகளையும் இணைத்திருந்தேன். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. ஃபயர்வாலில் ஐந்து நிமிடம் இன்றும் ஐந்து நிமிடமாகவே இருக்கிறது. போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், திரை அடிக்கடி உறைகிறது என்று புகார் கொடுத்திருக்கிறார். வீட்டு ரவுட்டரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கேட்பதற்கு முன்பே அவர் தன் கைக்காசில் புதிய ரவுட்டர் வாங்கிவிட்டார்.