தள்ளி ஏறுகிற சனம்

யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவுக்குப் படகேறுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் எடுத்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். நெடுந்தீவுச் சனத்துக்கு வரிசையில் நிற்கத் தெரியாதாம். ஆச்சி ஒருவர் சாக்குப்பையோடு இடித்துக்கொண்டு ஏறுவதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் பாட்டும் போட்டிருக்கிறார் வீடியோ எடுத்த தம்பி. நல்ல ரசனை.

தம்பி, உங்களுக்கு அது படகுச் சவாரி. ஆச்சிக்கு வீட்டுக்குப் போகிற வழி. யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணை வந்து, புங்குடுதீவு கடந்து, ரோட்டு முடிகிற இடம் குறிகட்டுவான். அதற்கப்பால் ஒரு மணி நேரக் கடல். இடம் கிடைக்காவிட்டால் நீங்கள் இன்னொரு நாள் வரலாம். ஆச்சி இரவு எங்கே படுப்பது?

“வரிசை என்றால் எல்லாருக்கும் வரிசைதானே” என்று ஒருவர் நியாயம் கேட்கிறார். சரி. லீவு நாளில் வான் வானாக வந்திறங்கி, நயினாதீவுப் படகு எது, நெடுந்தீவுப் படகு எது என்று தெரியாமல், துறையை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பது எந்த வரிசையில் சேர்த்தி? காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு வழிவிட யார் படிப்பிப்பது? சுற்றுலாவால் தீவுக்கு வருமானம் என்பீர்கள். உண்மைதான், வாருங்கள். அது வேறு கதை.

ஒரு மார்கழியில் வாடை அடித்துப் படகு நின்றுவிட்டது. கிளினிக்குக்குப் போய்வந்த களைப்பில் அம்மாவால் இருக்கவே முடியவில்லை. துறையடித் தேத்தண்ணிக் கடைக்காரர் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, பாய் விரித்து, படுக்க வைத்தார். இரவுக்குப் பாணும் பருப்பும். விடிய, தேத்தண்ணிக்கு மட்டும் காசு வாங்கினார். “இங்கே ஒன்றுமில்லை, நேரே படகுக்குப் போங்கோ” என்று தம்பி வீடியோவில் சொல்லும்போது பின்னால் தெரிவது அந்தக் கடைதான்.

குதிரை பார்க்க வருகிறீர்கள், பெருக்கமரம் பார்க்க வருகிறீர்கள், கல்வேலிக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறீர்கள். சனம்தான் கண்ணில் படுவதில்லை. இதே கடலில்தான் 1985 மே 15 அன்று நெடுந்தீவுச் சனம் போன குமுதினிப் படகை மறித்து, பெண்கள் பிள்ளைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் இந்தச் சனம் படகேறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. அவர்களுக்குத்தான் நீங்கள் ஒழுங்கு படிப்பிக்கிறீர்கள். அதை ஏன் இதற்குள் இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். இழுக்கத்தான் செய்வேன்.

தீவுச் சனம் ஏறிய பிறகுதான் மற்றவர்கள் என்று ஒரு நடைமுறை வரட்டும். உடனே “பாகுபாடு” என்று கத்துவீர்கள், தெரியும். கத்துங்கள். நாளைக் காலைப் படகுக்கு நானும் அங்கேதான் நிற்பேன். தள்ளித்தான் ஏறுவேன்.