விற்பனை இருக்கிறதாம், அதனால் மானியம் இல்லையாம்

தனித்து வாழும் தாய்மார்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு பலகாரச் சமையலறை மானியம் கேட்டது, போன வாரக் கூட்டத்தில் மறுத்துவிட்டார்கள். அங்கே நடந்ததையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. அதை நடத்தும் அக்காவிடம் கேட்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் காதில் நிற்கிறது: "வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) வியாபாரம் செய்கிறீர்களே அம்மா, உங்களுக்கு எதற்கு மானியம்?"

விற்பனை வேறு, மிச்சம் வேறு. இது தெரியாமல் மானிய விண்ணப்பங்களை மதிப்பிட உட்காரலாமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அந்தப் பலகாரச் சமையலறைக்குச் சம்பளம் வாங்காமல் கணக்கு எழுதுகிறவன் நான். மாத விற்பனை சராசரியாக 20,000 வெள்ளி. வேலை செய்பவர்கள் ஆறு பேர், எல்லாரும் தனித்து வாழும் தாய்மார்கள். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதோடு ஊழியர் சேமநிதிக்கு (இ.பி.எஃப்.) முதலாளி பங்காக 13 விழுக்காடு. ஆறு பேருக்கும் கூட்டினால் 11,526. மாவு, எண்ணெய், எரிவாயுவுக்கு 5,200. வாடகை, மின்சாரம், வேனுக்கு 3,100. கையில் நிற்பது 174 வெள்ளி. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவை இன்னும் கழிக்கவில்லை.

மானியம் கேட்டது முறுக்கு விற்க அல்ல. புதிதாக வரும் பெண்களுக்கு மூன்று மாதப் படியும், கற்றுக்கொடுப்பவரின் சம்பளமும்தான் கேட்டோம். முதல் மாதம் அச்சைத் திருகும் கை நடுங்கும். சுற்று பாதியில் அறுந்து எண்ணெயில் விழும். உடைந்ததையெல்லாம் தனிப் பையில் கட்டிப் பாதி விலைக்கு விற்கிறார் அக்கா. அந்த நட்டத்தை எந்த வாடிக்கையாளர் தலையில் கட்டுவது?

"பக்கத்துக் கடைக்காரரும் முறுக்குதான் விற்கிறார், அவருக்கு யார் மானியம் கொடுக்கிறார்கள்?" என்பீர்கள். நல்ல மனிதர்தான். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்கு ஓடும் பெண்ணை அவர் வேலைக்கு வைப்பாரா? "சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கத்தின் டெக்குன் கடன் இருக்கிறதே?" இருக்கிறது. அடுப்பு வாங்கக் கடன் வாங்கலாம். பயிற்சிக்கு வாங்கிய கடனை 174 வெள்ளியிலா அடைப்பது?

'சமூகம்' என்று பலகை மாட்டிக்கொண்டு சொந்தப் பை நிரப்புகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. கணக்கைப் புரட்டிப் பாருங்கள். உபரி எங்கே போகிறது, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், மானியத்தைக் காட்டி அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்களா என்றெல்லாம் கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவேன். அன்றைக்கு ஒருவரும் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சமூக நிறுவனங்கள், அதாவது இப்படிச் சமூக நோக்கத்தோடு வியாபாரம் செய்பவை, சொந்த வருமானத்தில் நிற்க வேண்டும் என்று சொன்னதே அரசாங்கம்தான். 2019 இல் அங்கீகாரத் திட்டம் வந்தது, 2022 இல் 2030 வரைக்குமான செயல்வரைவும் வந்தது. நன்கொடையை மட்டும் நம்பாதீர்கள் என்றார்கள். நம்பவில்லை, விற்றோம். விற்றதே இப்போது குற்றம். கண்ணைக் கசக்கிக்கொண்டு போயிருந்தால் காசோலையும் கிடைத்திருக்கும், அதைப் பெரிதாக அச்சடித்துக் கையில் பிடித்துப் படமும் எடுத்திருப்பார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவி கேட்டாள். அம்மா செந்தூல் ரயில்வே குடியிருப்பில் விடியற்காலையில் இடியப்பம் விற்றவர். நாலரை மணிக்கு எழுந்து பிழிவார். பள்ளி உதவித்தொகைப் பாரத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். உதவி வரவில்லை. "உன் அம்மாதான் வியாபாரியாயிற்றே" என்றார் ஆசிரியர், எல்லார் முன்னாலும். அடுத்த வருடம் 'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதினேன். உதவி வந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். மலாயில் இருந்த அந்தப் பாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டார்.

பழைய கதையை எதற்கு இழுக்கிறாய் என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதுங்கள்.

நேற்று இரவு அக்கா அழைத்தார். வேறொரு நிதிக்கு வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, இந்தத் தடவை விற்பனையைக் கொஞ்சம் குறைத்துக் காட்டலாமா?" என்றார்.

முடியாது அக்கா என்றேன். பதினொரு வயதில் நான் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை.