சீட்டின் முதுகில் கறை விழுந்தால் ஆட்டம் போச்சு

போன ஞாயிறு நாகர்கோவிலில் சித்தப்பா வீட்டில் 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். வெளியே மழை, கரண்ட் இல்லை, எமர்ஜென்சி லைட்டைச் சுற்றி நாலு பேர். அண்ணன் மகனுக்குப் பதினாலு வயது, இந்த லீவில்தான் அவனுக்கு ஆட்டம் பிடிபட்டிருக்கிறது. தைரியமாகப் பத்தொன்பது புள்ளி எடுப்பேன் என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் யோசித்து, எது துருப்பு என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். அந்தச் சீட்டின் முதுகில், இடது ஓரத்தில், எப்போதோ யாரோ முறுக்கு தின்ற கையோடு பிடித்த எண்ணெய்க் கறை. அது கிளாவர் ஒன்பது என்று எங்கள் மூன்று பேருக்கும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டு எப்படி ஆடுவது? தோற்றுப்போனான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டான், நான் கறையைக் காட்டினேன். அவன் இந்த ஆட்டத்துக்கு எடுக்கும் முப்பத்திரண்டு சீட்டையும் கவிழ்த்துப் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்து, பதினோரு சீட்டைத் தனியே எடுத்து வைத்தான். மடிந்த மூலை, நகக்கீறல், பேனா மை, கிழிந்த ஓரம். அப்புறம் என்னைப் பார்த்து, "அத்தை, அப்போ இவ்வளவு நாளும் எனக்கு மட்டும்தான் தெரியாதா?" என்றான்.

அந்தக் கேள்வி ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சீட்டுக்கட்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னால் நம் வீடுகளில் அதைக் கஞ்சத்தனமாகப் பார்க்கிறார்கள். ஒரு வேளை பரோட்டா காசுக்குப் புதுக்கட்டு கிடைக்குமே, இதற்குப் போய் இவ்வளவா என்பார்கள். காசு இல்லை விஷயம். சீட்டாட்டம் என்பதே எதிராளியின் கையில் இருப்பது எனக்குத் தெரியாது என்ற ஒன்றின் மேல்தான் நிற்கிறது. ஐம்பத்திரண்டு முதுகும் ஒரே மாதிரி இருக்கும்வரைதான் அது சீட்டுக்கட்டு. ஒரு மூலை மடிந்துவிட்டால் அது குறி வைத்த சீட்டுதான், வேண்டுமென்று மடித்தாலும் சரி, கவனமில்லாமல் மடிந்தாலும் சரி. அந்த வீட்டுக்காரருக்கு அது தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும், சின்னப் பிள்ளைக்குத் தெரியாது.

சீட்டு செய்தவர்களுக்கு இந்தக் கவலை எப்போதும் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலான சீட்டுகளின் முதுகு வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. வெள்ளையில் ஒரு விரல் அழுக்கு பட்டாலும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். முதுகில் நெருக்கமான கோலம் போல வடிவம் அச்சடிக்க ஆரம்பித்தபோது கறை அதற்குள் மறைந்தது. மூலையை வளைவாக வெட்டும் பழக்கமும் அந்த நூற்றாண்டில்தான் பரவியது, கூர்மையான மூலை சீக்கிரம் பிய்ந்துபோகும் என்பதால். நம் நாட்டுக் கஞ்சிஃபா சீட்டுகளில் மூலையே கிடையாது, பெரும்பாலும் வட்டம்தான். தசாவதாரக் கஞ்சிஃபா என்றால் அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு. கையால் வரைந்து, மேலே அரக்குப் பூச்சு பூசி, அதற்கென்றே செய்த மரப்பெட்டியில் வைப்பார்கள். மைசூரிலும் சாவந்த்வாடியிலும் செய்த பழைய கட்டுகளை இன்றைக்கும் நாம் பார்க்க முடிகிறதென்றால் அந்தப் பெட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது நம் கையில் இருக்கும் சீட்டுக்கு வருகிறேன். அட்டையில் 'பிளாஸ்டிக் கோட்டட்' என்று போட்டிருந்தால் பிளாஸ்டிக் சீட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. நல்ல காகிதச் சீட்டு என்பது இரண்டு தாள், நடுவில் வெளிச்சம் ஊடுருவாமல் இருக்கக் கறுப்பான பசை, மேலே மெல்லிய பூச்சு. பூச்சு முன்னும் பின்னும்தான். வெட்டிய ஓரம் திறந்தே கிடக்கும், ஈரம் அந்த ஓரம் வழியாக உள்ளே போகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் அடைபட்டிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் போன 'பைசைக்கிள்' என்ற பிராண்டின் சில சீட்டுக்கட்டுகளில், இரண்டு தாளுக்கு நடுவே தப்பிக்கும் வழிக்கான வரைபடத்தை ஒளித்து வைத்தார்கள். தண்ணீரில் நனைத்தால் சீட்டு இரண்டாக உரிந்து வரும். அங்கே உயிர் காத்த அதே குணம்தான் நம் வீட்டில் டீ டம்ளர் வைத்த ஈர வட்டத்தில் சீட்டு பட்டதும் உப்பி, ஓரம் பிரிந்து, கட்டையே கெடுக்கிறது.

எங்கள் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, காற்றில் ஈரம் குறைவதே அபூர்வம். அலமாரியில் சும்மா கிடக்கும் கட்டு கூட இந்தக் காற்றை உறிஞ்சி ஒரு பக்கமாக வளைந்துவிடும். புதிதாக வாங்கியபோது டப்பாவுக்குள் சரியாகப் போன கட்டு ஆறு மாதத்தில் போக மறுக்கிறதென்றால் அது உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பலர் செய்வது என்ன தெரியுமா, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் பேண்ட் போடுவது. தயவுசெய்து ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அது மேல் சீட்டையும் கீழ்ச் சீட்டையும் வளைக்கும், ஓரத்தில் பள்ளம் விழ வைக்கும், நம் வெயிலுக்கு இளகிச் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வளைந்த கட்டை ஒழுங்காக அடுக்கி, இரண்டு கனமான புத்தகத்துக்கு நடுவில் நாலைந்து நாள் வையுங்கள். முழுக்க இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அப்புறம் மூடி இறுக்கமான ஒரு டப்பா, உள்ளே புதுச் செருப்போடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, அவ்வளவுதான். (அந்தப் பொட்டலம் சின்னக் குழந்தைகள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கை கழுவுவதைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் பெரும்பாலான கறை கையிலிருந்துதான் வருகிறது, வேர்வை, எண்ணெய், மிக்சர். தின்பதை ஆட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளலாம். கழுவினால் நன்றாகத் துடைக்கவும் வேண்டும், ஈரக்கை எண்ணெய்க்கையை விட மோசம். எச்சில் தொட்டுச் சீட்டு பிரிப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் சிமெண்ட் தரையில் ஆடுவதும் தப்பு. மணல் துகள் சீட்டின் முதுகில் கோடு போடும், சீட்டை எடுக்க நகத்தால் நெம்ப வேண்டிவரும், மூலை அங்கேதான் போகிறது. கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து விடிய விடிய ஆடுபவர்கள் காரணம் தெரிந்து செய்கிறார்களோ இல்லையோ, சரியாகத்தான் செய்கிறார்கள். துணி கொஞ்சம் அமுங்கும், சீட்டு தானாக விரலுக்கு வரும்.

கலைப்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கட்டை இரண்டாகப் பிரித்து வளைத்து சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்று இறக்குவது பார்க்க அழகு. நன்றாகத் தெரிந்தவர் மெல்ல வளைத்துச் செய்தால் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகவே கலையும். தெரியாதவர் பலத்தைக் காட்டிச் செய்தால் நாலு ஆட்டத்தில் கட்டு வில் மாதிரி ஆகிவிடும். பழகாதவர்கள் சீட்டைத் துணிமேல் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் துழாவிச் சேர்த்தாலே போதும்.

சீட்டு ஒட்டுகிறது என்று முகப் பவுடரைத் தூவுகிற பழக்கமும் பார்த்திருக்கிறேன். கேரம் போர்டுக்குப் பவுடர் போடுகிறோமே என்ற நினைப்பு. முதல் நாள் வழுக்கும், அடுத்த வாரம் ஈரக்காற்றில் அதுவே பசை மாதிரி ஆகி அழுக்கைப் பிடித்து வைக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் ஒவ்வொரு சீட்டாகத் துடைத்தால் போதும்.

இன்னொன்று, இது இருபத்தெட்டு ஆடுகிற வீடுகளுக்கு. இந்த ஆட்டத்துக்கு ஏழிலிருந்து மேலே உள்ள முப்பத்திரண்டு சீட்டுதான் வேண்டும். மிச்சம் இருபது சும்மா கிடக்கும், அதில் ஆறு எண் போட்ட சீட்டுகளைப் புள்ளி எண்ணிக்கொள்ள எடுத்தால்தான் உண்டு. இரண்டு வருடம் கழித்து அதே கட்டை ரம்மிக்கு எடுத்தால் இரண்டும் மூன்றும் புதுசாகப் பளபளக்கும், ஜாக்கும் ஒன்பதும் மங்கிப்போய் இருக்கும். யார் கையில் சின்னச் சீட்டு இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரம்மிக்கு இரண்டு கட்டு சேர்க்கும்போது பழசையும் புதுசையும் கலந்தாலும் இதே கதைதான். அதனால் ஆட்டத்துக்கு ஒரு கட்டு என்று ஒதுக்கிவிடுங்கள், ரம்மிக்கு ஒரே மாதிரி இரண்டு கட்டு ஒன்றாக வாங்கி ஒன்றாகவே பயன்படுத்துங்கள்.

முழுப் பிளாஸ்டிக் சீட்டு வாங்கலாமா என்றால், அடிக்கடி ஆடுகிற வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஈரத்துணியால் துடைக்கலாம், நீண்ட நாள் வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், நெளிந்துவிடும். எனக்கு இன்னும் காகிதச் சீட்டு கையில் உட்காரும் விதம்தான் பிடித்திருக்கிறது, அது என் பழக்கம்.

திங்கட்கிழமை காலையில் மணிமேடை பக்கம் போய்ப் புதுக்கட்டு வாங்கி வந்தோம், அவன்தான் தேர்ந்தெடுத்தான். பழைய கட்டை என்ன செய்வது என்று கேட்டான். சின்னப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடட்டும் என்றேன். கொடுப்பதற்கு முன்னால் கத்தரிக்கோலை எடுத்து எல்லாச் சீட்டிலும் ஒரு மூலையை வெட்டச் சொன்னேன். சூதாட்ட விடுதிகளிலும் பழைய கட்டை இப்படி வெட்டியோ துளை போட்டோதான் வெளியே விடுவார்கள். வெட்டாமல் விட்டால் என்றைக்காவது ஒரு மழை நாளில், புதுக்கட்டு கண்ணில் படாத நேரத்தில், அந்தக் கிளாவர் ஒன்பது மறுபடி யாருக்காவது துருப்பாக வந்துவிடும்.