கட்டுநாயக்கா – இலண்டன் பயணம் ஆறரை மணித்தியாலமா?

கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானத்தில் ஆறரை மணித்தியாலம்தான் என்று சொல்லும் குரல்பதிவு ஒன்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. அது தவறு. பறப்பு நேரம் ஏறத்தாழ 11 மணித்தியாலங்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகவிருக்கும் அயல்வீட்டு அம்மா, பயணச்சீட்டை என்னிடம் நீட்டி, பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.30க்குச் சேருவதாக இதிலேயே இருக்கிறதே என்று கேட்டபோதுதான், தவறு எங்கிருந்து முளைத்தது என்று விளங்கியது. புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் இலண்டன் நேரம். கோடையில் இலண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னே நிற்கிறது, குளிர்காலத்தில் ஐந்தரை. இந்தக் கோடைப் பயணத்தில் அவர் இறங்கும்போது வன்னியில் நள்ளிரவு 12.00 மணியாகியிருக்கும்.

தூரமும் இதையே சொல்கிறது. ஏறத்தாழ 8,700 கிலோமீற்றரை ஆறரை மணித்தியாலத்தில் கடக்க, விமானம் மணிக்கு 1,300 கிலோமீற்றருக்கு மேல், ஒலியையும் முந்திப் பறக்க வேண்டும். இன்றைய பயணிகள் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீற்றர் வேகத்திலேயே பறக்கின்றன. மேற்கே போகையில் உயரத்தில் வீசும் எதிர்க்காற்று அதையும் குறைக்கிறது. திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் சற்று விரைவாக முடிவதும் அந்தக் காற்றினால்தான்.

நீரிழிவுக்கு வேளை தவறாமல் குளிசை போடும் முதியவர்களை இந்தத் தவறான கணக்கு உண்மையாகவே பாதிக்கும் என்பதால், ஏ9 வீதியால் கட்டுநாயக்கா போய்ச் சேரும் நேரத்தையும் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டி, மருந்தைக் கைப்பையிலேயே வைத்து அனுப்புங்கள்.