உண்மை விளக்கம்: ஹார்ட்பிளீட் வைரஸ் அல்ல

"2014-ல் ஹார்ட்பிளீட் என்ற வைரஸ் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் குறியாக்கத்தையே உடைத்துவிட்டது; உடனே கடவுச்சொல்லை மாற்றியவர்கள் மட்டும் தப்பித்தார்கள்" என்று ஒரு தகவல் இன்னமும் சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்ய, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்ற, பல சர்வர்கள் பயன்படுத்தும் மென்பொருள். ஹார்ட்பிளீட் என்பது அதன் நிரலில் விடுபட்டுப்போன ஒரு சரிபார்ப்பு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனை சிறு செய்தியை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மறுமுனை அதையே திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன நீளம் உண்மைதானா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் பார்க்கவில்லை. ஒரே ஒரு பைட் அனுப்பிவிட்டு அறுபதாயிரம் என்று சொன்னால், மீதிக்குத் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. அதில் யாரோ ஒருவரின் கடவுச்சொல் இருக்கலாம், குறியாக்கத்துக்கான சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். குறியாக்கக் கணக்கை யாரும் உடைக்கவில்லை. நிரல் எழுதும் யாருக்கும் நேரக்கூடிய பிழை இது. எழுதியவரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

முறையாக வெளியான பதிப்புகளில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு. பழைய 0.9.8, 1.0.0 வரிசைகளில் இந்த ஓட்டை கிடையாது. 2014 ஏப்ரல் 7-ல் வந்த 1.0.1ஜி, நீளம் பொருந்தாத செய்தியைப் பதிலே சொல்லாமல் ஒதுக்கிவிட்டது.

சரி, கடவுச்சொல்? இங்கேதான் வரிசை முக்கியம். முதலில் சர்வர் புதிய பதிப்புக்கு மாற வேண்டும். அப்புறம் புதுச் சாவி, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் புதுச் சான்றிதழ், பழைய சான்றிதழ் ரத்து. அதற்குப் பிறகுதான் கடவுச்சொல். ஓட்டை அடைபடும் முன்பே அவசரமாக மாற்றியவர்களின் புதிய கடவுச்சொல்லும் அதே வழியில் கசிந்திருக்கலாம்.