உங்கப்பன் யாரு, பெட்ரோ?

2004 செப்டம்பர் 24. பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் தோற்றுவிட்டு நிருபர்கள் முன்னால் வந்தார் பெட்ரோ மார்டினெஸ். பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர்; சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர். இன்னொருவராக இருந்தால் "இன்றைக்கு எங்களுக்கு நாள் சரியில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார். பெட்ரோவோ, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ய வேண்டியதுதான், யாங்கீஸ்தான் எனக்கு அப்பன் என்று சொல்லிவிட்டார்.

நியூயார்க்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பத்தொன்பதே நாளில் அதே இரு அணிகளும் மோதிய அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் இரண்டாவது ஆட்டம், நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில். பெட்ரோ பந்து வீச வந்ததும் 50,000 பேருக்கு மேல் ஒரே தாளத்தில் கத்துகிறார்கள்: "உங்கப்பன் யாரு? உங்கப்பன் யாரு?" பக்கத்து இருக்கைக்காரரின் பெயர்கூடத் தெரியாது, ஆனால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தலாம். அந்த ஒற்றுமையை எந்த விளம்பரமும் வாங்கித் தராது.

பெட்ரோ ஆறு இன்னிங்ஸ் நன்றாகவே வீசினார். ஆனாலும் யாங்கீஸ் 3-1 என்று ஜெயித்தது. அப்புறம் மறுபடியும் மைக் முன்னால் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸுக்குக் கொடுக்க ஐம்பது சென்ட்கூட இல்லாமல் ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், இன்றைக்கு நியூயார்க் முழுக்க என்னைத்தான் பார்க்கிறது என்றார். டொமினிகன் குடியரசில் பிறந்து வளர்ந்த மனிதர். எனக்கு அந்த மாமரம் மறக்கவே மறக்காது. தன்னைக் கேலி செய்த கூட்டத்தையே தன் பெருமைக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டார்!

தோல்விக்குப் பிறகு எதிரணியை அப்பன் என்றால் சொந்த ரசிகர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டுப் பிள்ளையை நாம் திட்டலாம், பக்கத்து வீட்டுக்காரன் திட்டினால் பொறுப்போமா? 1918-க்குப் பிறகு அதுவரை பாஸ்டன், பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை (வேர்ல்ட் சீரிஸ்) ஜெயித்ததே இல்லை. நட்சத்திர வீரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற சாபம் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிய ஊர். அந்த வலியை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ரெட் சாக்ஸின் இன்னொரு பிட்சர் கர்ட் ஷில்லிங் வேறு மாதிரி. நியூயார்க்கில் 55,000 பேரை வாயடைக்க வைப்பதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை என்று தொடருக்கு முன்பே சொன்னார். முதல் ஆட்டத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதனால்தான் ஆறாவது ஆட்டத்தில், தையல் போட்ட கணுக்காலோடு, காலுறையில் ரத்தம் கசியக் கசிய ஏழு இன்னிங்ஸ் வீசி ஜெயித்தபோது அதற்கு அவ்வளவு எடை. சொல்லிவிட்டுத் தோற்றவன் சொன்னதைச் செய்து காட்டினான்.

இன்றைக்குப் பல வீரர்களுக்கு என்ன பேச வேண்டும் என்று பாடம் எடுத்தே அனுப்புகிறார்கள். "ஒவ்வொரு ஆட்டமாகப் பார்ப்போம்", "அணிக்காக என்னால் முடிந்ததைச் செய்தேன்." சரி, இதைக் கேட்டு யாருக்கு ரத்தம் சூடாகும்? யாருடைய தாத்தா பேரனிடம் இதைச் சொல்லிக் காட்டுவார்? வெறுப்பைக் கக்குவதும் ஒருவரின் இனத்தை, நிறத்தை இழுப்பதும் வேறு, அதை நான் ஆதரிக்கவில்லை. மனசில் பட்டதை மறைக்காமல் சொல்வதைத்தான் கேட்கிறேன்.

அதே பாஸ்டனில் 2013 ஏப்ரலில் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. ஐந்து நாள் கழித்து ஃபென்வேயில் ரெட் சாக்ஸ் வீரர் டேவிட் ஓர்டிஸ் மைக்கைப் பிடித்தார். இது எங்கள் ஊர், எங்கள் சுதந்திரத்தில் யாரும் கை வைக்க முடியாது என்றார், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து. எழுதிக் கொடுத்த பேச்சு எதுவும் அந்த அரங்கை அப்படி எழுப்பியிருக்காது. குண்டு வெடித்த மறுநாளே யாங்கீ ஸ்டேடியத்தில் பாஸ்டன் ரசிகர்களின் பாட்டை ஒலிக்க விட்டார்கள். அத்தனை வருஷம் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டவர்களுக்குத்தான் அந்த உரிமை வரும் என்று நினைக்கிறேன்.

2004 தொடரின் கடைசி ஆட்டத்தைச் சொல்லவில்லையே. முதல் மூன்று ஆட்டமும் தோற்ற ரெட் சாக்ஸ் அடுத்த மூன்றையும் ஜெயித்து ஏழாவது ஆட்டத்துக்கு வந்தது. யாங்கீ ஸ்டேடியம், ஆறு இன்னிங்ஸ் முடிந்து 8-1, பாஸ்டன் முன்னிலை. அரங்கமே இழவு வீடு மாதிரி கிடக்கிறது. ஏழாவது இன்னிங்ஸில் பந்து வீச பெட்ரோ வருகிறார். செத்துக் கிடந்த கூட்டம் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று மறுபடியும் கத்த ஆரம்பித்தது: "உங்கப்பன் யாரு?"