எதிர்க்கரை நமக்குப் பகையா?

சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எதிர்க்கரையில், மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தின் விளக்குகள் தெரியும். 2025 பிப்ரவரியில் மேர்ஸ்க், ஹாப்பாக்-லாய்டு என்ற இரு கப்பல் நிறுவனங்கள் கைகோத்து அங்கே தளம் அமைத்ததிலிருந்து, காப்பிக்கடையில் ஒரே பேச்சு: “நம்ம கப்பலைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க.” கேட்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

“நம்ம கப்பல்” என்று எதைச் சொல்கிறோம்? இங்கே இறங்கும் கொள்கலன் பெட்டிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் நம் ஊருக்கே வராதவை. பெரிய தாய்க்கப்பலிலிருந்து இறங்கி, ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் ஏறி, வேறு நாட்டுக்குப் போய்விடும். காத்திருப்பும் கூலியும் எங்கே குறைவோ அங்கேதான் கப்பல் வந்து நிற்கும்.

2000-இல் மேர்ஸ்க் பெலப்பாஸுக்குப் போனபோது அப்பா இங்கே தஞ்சோங் பகார் துறைமுகத்தில் லேஷிங் வேலையில், அதாவது கப்பலில் பெட்டிகளைக் கட்டி அவிழ்க்கும் வேலையில் இருந்தார். அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. 2002-இல் எவர்கிரீன் கப்பல் நிறுவனமும் போனது. இருபதடிப் பெட்டியாக எண்ணினால், 2000-இல் 1.7 கோடியாக இருந்த நம் பெட்டிக் கணக்கு, மறு ஆண்டு 1.55 கோடியாகச் சரிந்தது. மேர்ஸ்க்குக்கு அங்கே துறைமுகத்திலேயே 30 விழுக்காடு பங்கு கிடைத்தது. இங்கே அதுவரை அப்படி யாருக்கும் கொடுத்ததில்லை. அடி வாங்கிய பிறகுதான் நாமும் இறங்கி வந்தோம்: 2003-இல் காஸ்கோ, 2006-இல் எம்.எஸ்.சி. என்று கப்பல் நிறுவனங்களோடு கூட்டு முனையம். 2024-இல் 4.1 கோடிப் பெட்டி. எதிர்க்கரை நெருக்கியிருக்காவிட்டால் இந்த மாற்றம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

அதே 2024-இல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிரச்சினையால் கப்பல்கள் மொத்தமாக வந்து குவிந்தன. இங்கே கெப்பல் முனையத்தில் மூடி வைத்த பழைய தளங்களைத் திறந்தும் இடம் போதவில்லை. சில கப்பல்கள் மலேசியத் துறைமுகங்களுக்குத் திரும்பின. திரும்ப ஓர் இடம் இருந்ததே, அதை நினைக்க வேண்டாமா? மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் கப்பல் பத்திரமாகப் போக மலேசியாவும் இந்தோனேசியாவும் நாமும் 2007 முதல் கூட்டு ஏற்பாட்டில் இருக்கிறோம். அங்கே எண்ணெய் கசிந்தால் யார் கரை என்று பார்த்தா ஒதுங்கும்? 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் பொருளியல் வட்டார ஒப்பந்தமும் ஆகிவிட்டது. இரு கரைக்கும் நடுவே பெட்டி லாரிகள் தடையில்லாமல் ஓட வழி செய்வதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

எங்கள் கேங்கில் ஓர் அண்ணன், தினமும் ஜோகூரிலிருந்து பைக்கில் வருபவர். மகனுக்குப் பெலப்பாஸில் அதே லேஷிங் வேலை. போன வாரம் ஒரு ஃபீடரில் பெட்டியைக் கட்டிய கடைசி ராடையும் அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளையும் கழற்றிப் போட்டுவிட்டு, கையுறையைக்கூட உருவாமல் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். “தம்பி, இது நாளைக்கு உன்கிட்டதான் வருது. மூணாவது வரிசையில ஒரு டர்ன்பக்கிள் துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு, பாத்துக் கழட்டு.”

இவரிடம் போய் எதிர்க்கரை பகை என்று எப்படிச் சொல்வேன்?